எத்தனை கிராம்?

கேரளத்து வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில், புற்றடி ஸ்பைசஸ் பார்க்கில் ஏலக்காய் ஏலம் நடக்கும். வியாபாரிகள் முன்னால் கணினித் திரையும் சாம்பிள் காயும் இருக்கும். ஏலக்காயின் பெருமையை அங்கே யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காயின் பச்சை எப்படி, பருமன் 8 மில்லிமீட்டருக்கு மேலா கீழா, ஒரு லிட்டர் படியில் போட்டால் எத்தனை கிராம் நிற்கும், லாட்டில் எத்தனை கிலோ என்பதுதான் பேச்சு. மணம் எல்லாக் காய்க்கும் உண்டு. அளவு தெரியாமல் அங்கே ஒருவரும் விலை சொல்ல மாட்டார்கள்.

இந்த மலையிலிருந்து கம்பம் மெட்டு வழியாகக் கீழே இறங்கினால் தமிழ்நாட்டின் கம்பம். அங்கிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்கள் ஏராளம். என் சித்தியும் இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் காய் எடுக்கப் போகிறாள். சென்ற ஆண்டு ஒரு மருத்துவ முகாமில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மொத்த கொலஸ்ட்ரால் 248. ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். 38. டிரைகிளிசரைடு 190. ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். 172. ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

அந்த வாரமே ஒரு மருந்து டப்பா வாங்கிவிட்டாள். சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்திருக்கும் ஒரு வாசனைப் பொருள் கடையில், அறுபது கேப்ஸ்யூல், நாலு நாள் கூலி. பூண்டு, பட்டை, மஞ்சள், மிளகுச் சாறு, குக்குலு என்று டப்பாவில் எழுதியிருந்தது. கெட்ட கொழுப்பைக் கரைக்கும், நல்ல கொழுப்பைக் கூட்டும் என்றும் போட்டிருந்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏப்பா, இதுல இருக்கிறதெல்லாம் நம்ம மலையில வெளையிறதுதானே? நாம தின்னு வளந்ததுதானே? இதுல என்ன கெடுதல் வந்துறப் போகுது?”

நியாயமான கேள்வி. அதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்த அத்தியாயம் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

முதலில் அவளுடைய ரிப்போர்ட். நான்கு எண்கள் இருந்தாலும் பல லேப்களில் மூன்றைத்தான் அளக்கிறார்கள். எல்.டி.எல். கணக்குப் போட்டு வருவது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 1972-ல் ஃப்ரீடுவால்ட் என்ற அமெரிக்க மருத்துவர் தம் குழுவினரோடு வெளியிட்ட சூத்திரம் அது. 248-ல் 38 போய், மறுபடி 38 போனால் 172. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. உங்கள் ரிப்போர்ட்டையும் ஒருமுறை இப்படிக் கழித்துப் பாருங்கள். எண்ணோடு பழகினால் அதன் மீதுள்ள பயம் பாதி போய்விடும்.

அந்த 172 எங்கிருந்து வந்தது? சித்தி சொன்ன காரணம் முட்டை. பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணமும் அதுதான். ஆனால் கொலஸ்ட்ரால் வெளியிலிருந்து வந்து புகுந்த விஷம் இல்லை. ஒவ்வொரு உயிரணுவின் சவ்வுக்கும் அது வேண்டும். பித்தநீருக்கு வேண்டும், பல ஹார்மோன்களுக்கு வேண்டும். நம் உடம்பே தினமும் ஏறக்குறைய 1 கிராம் செய்துகொள்கிறது. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது அதைவிடக் குறைவு. ஆகவே ரத்தத்தில் எல்.டி.எல். ஏறுவதும் இறங்குவதும் வாயில் போவதைவிட, கல்லீரல் அதை எவ்வளவு வேகமாக ரத்தத்திலிருந்து திரும்ப எடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

திரும்ப எடுக்க கல்லீரல் அணுக்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. கொடியில் பற்றுக்கம்பி நீட்டிக்கொண்டிருப்பதுபோல் அவை வெளியே நீட்டி நின்று, போகிற எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும். அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் 1970-களில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1985-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்க உண்மையில் உதவும் எதுவாக இருந்தாலும், மாத்திரையோ மரக்கறியோ, பெரும்பாலும் ஏதோ ஒரு வழியில் இந்த ஏற்பிகளைக் கூட்டித்தான் வேலை செய்கிறது. கொழுப்பு ரத்தத்தில் கரைவதில்லை. கல்லீரல் அதை வாங்கிக்கொள்கிறது. ‘கரைக்கும்’ என்று எழுதிய டப்பாவை நான் சந்தேகப்படுவதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

இனி அந்த டப்பாவைத் திறக்கலாம். குக்குலுவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் கதை நம் நாட்டு அறிவியலின் கதை.

குக்குலு இந்த மலையில் விளைவதே இல்லை. ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் முள்செடியின் பிசின் அது. 1960-களில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஜி.வி.சத்யவதி என்ற இளம் ஆய்வாளர், சுசுருத சம்ஹிதையில் உடல் பருமனையும் கொழுப்பு நோயையும் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்தார். அதில் வரும் வர்ணனைக்கும் ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றிய நவீன மருத்துவ விளக்கத்துக்கும் ஒற்றுமை இருப்பதாக அவருக்குப் பட்டது. பழைய நூலில் இருக்கிறது என்று அவர் அதோடு நிறுத்திவிடவில்லை. முயல்களுக்குக் கொழுப்பு உணவு கொடுத்து, ஒரு பகுதிக்குக் குக்குலுவும் கொடுத்து, சோதித்தார். 1966-ல் அதுவே அவருடைய ஆய்வேடு ஆனது. பிறகு லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிசினிலிருந்து ஒரு மருந்தை உருவாக்கியது. 1980-களில் அது இந்தியாவில் அனுமதி பெற்றது. இங்கே நடந்த சிறு சோதனைகளில் கொலஸ்ட்ரால் குறைந்ததாகவும் தெரிந்தது. சத்யவதி பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்தார்.

2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அதே சாற்றைச் சோதித்தது. கொலஸ்ட்ரால் கூடியிருந்த 103 பேர். ஒரு பகுதியினருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை, மற்றவர்களுக்கு இரண்டு வேறு அளவுகளில் குக்குலுச் சாறு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் எல்.டி.எல். 5 சதவீதம் குறைந்திருந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4 முதல் 5 சதவீதம் கூடியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

இதை வைத்து சத்யவதியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய நூலில் ஒரு கேள்வியைக் கண்டெடுத்து அதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அறிவியல் அப்படித்தான் தொடங்க வேண்டும். பெரிய சோதனையில் தோற்றது கேள்வி அல்ல, விடை. ஆனால் விடை வந்த பிறகும் டப்பாவின் எழுத்து மாறவில்லையே என்பதுதான் என் வருத்தம். அந்தச் செடியோ இன்று அழியும் நிலையில் இருக்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான ஆபத்தில் உள்ள இனங்களில் ஒன்று. பலனில்லாத ஒன்றுக்காகப் பட்டையைக் கீறிக் கீறி ஒரு செடியைத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பூண்டு, பட்டை, மஞ்சள் மூன்றையும் ஒன்றாகப் பார்த்த சோதனை 2022-ல் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் எட்டு பிரிவாகப் பிரித்து நடத்திய அதை 190 பேர் முழுதாக முடித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற மாத்திரை, வெறும் 5 மில்லிகிராம். ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. மற்ற ஆறு பிரிவுக்கு மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆளுக்கொன்று. 28 நாள். ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 38 சதவீதம் இறங்கியது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. பூண்டு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். கொஞ்சம் ஏறியே இருந்தது.

இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டின் தயாரிக்கும் கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 28 நாள் போதாது என்று கேட்பவர்களும் உண்டு. சரி, நீண்ட சோதனையையே பார்ப்போம். 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 192 பேருக்கு ஆறு மாதம் பூண்டு கொடுத்தது. ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டு, இன்னொன்றுக்குப் பொடி மாத்திரை, மூன்றாவதுக்கு ஊறவைத்த சாறு. எந்தப் பிரிவிலும் எல்.டி.எல். அசையவில்லை. ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ருசிக்காகப் போடுங்கள். மலைப்பூண்டின் மணத்துக்கு வேறு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை.

ஏலக்காய் என்ன செய்கிறது என்று வண்டன்மேட்டில் எவரும் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். உதய்ப்பூர் மருத்துவக் கல்லூரியில், புதிதாக ரத்தக் கொதிப்பு கண்டுபிடிக்கப்பட்ட 20 பேருக்கு தினமும் 3 கிராம் ஏலக்காய்ப் பொடி, பன்னிரண்டு வாரம். 2009-ல் முடிவு வெளியானது. ரத்த அழுத்தம் குறைந்தது. கொழுப்பு அளவுகளில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. இருபது பேர் என்பது மிகச் சிறிய கூட்டம், அதை வைத்து ரத்த அழுத்தத்துக்கும் ஏலக்காயைப் பரிந்துரைக்க முடியாது. நம் ஊர்ச் சரக்கு என்பதால் நமக்கு ஆசை இருக்கும். ஆசைக்காக எண்ணை வளைக்கக் கூடாது.

இப்போது சித்தியின் கேள்வியின் மறுபாதி: பலனில்லாவிட்டாலும் கெடுதல் என்ன? இங்கேதான் அளவு தன் வேலையைக் காட்டுகிறது. மஞ்சள் பொடியில் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 சதவீதம் இருக்கும். குழம்பில் கால் ஸ்பூன் போடுகிறோம். அந்தக் குழம்பு நாலைந்து பேருக்கு. ஆனால் 95 சதவீதம் குர்குமின் என்று எழுதிய 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று, ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள் பொடிக்குச் சமம். எந்த அம்மாவும் ஒரு பிள்ளையின் தட்டில் 15 கிராம் மஞ்சளைக் கொட்டியதில்லை. பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுவதுதானே என்ற வாதம் அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. பொருள் பழையது, அளவு புதியது.

கேப்ஸ்யூலில் மிளகு எதற்கு? 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது. குர்குமினை மட்டும் விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதை உடனே வெளியேற்றிவிடுகின்றன. அதோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கானது. 2000 சதவீதம் கூடியதாக அந்த ஆய்வு சொன்னது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் பைப்பரின் எப்படி இதைச் செய்கிறது? கல்லீரலும் குடலும் வேண்டாத பொருளை வெளியேற்றும் வழியை அது மந்தப்படுத்துகிறது. அந்த வழியாகத்தான் நாம் சாப்பிடும் பல மருந்துகளும் வெளியேறுகின்றன. அவையும் உடம்பில் தங்கிவிடலாம். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் வலையமைப்பு 2022-ல் மஞ்சள் கேப்ஸ்யூலோடு தொடர்புள்ள பத்து பேரைப் பற்றி எழுதியது. ஐந்து பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். சிலர் சாப்பிட்ட கேப்ஸ்யூலில் மிளகும் இருந்தது. லட்சக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் பத்து பேர் என்பது அபூர்வம்தான். ஆனால் எல்.டி.எல்.லைக் குறைக்காத ஒன்றுக்காக அந்த அபூர்வத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்ற வரி ஆங்கிலத்தில் இருந்தது. 2016-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இந்த வகைப் பொருள்கள் மேல் அந்த வரி கட்டாயம். சட்டம் தன் கடமையைச் செய்திருக்கிறது. சித்திக்கு ஆங்கிலம் தெரியாது.

சிவப்பு ஈஸ்ட் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இணையத்தில் அதையும் இங்கே வாங்குகிறார்கள். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பூஞ்சைகள் மேல் பைத்தியமாக இருந்தவர். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையை அடைக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்கும் என்று நம்பி ஆறாயிரம் வகையைத் தேடினார். 1973-ல் கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த நீலப் பூஞ்சையில் அது கிடைத்தது. உலகின் முதல் ஸ்டாட்டின் அதுதான். உற்பத்தியை அடைத்ததும் கல்லீரல் தன் தேவைக்காக ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுக்கிறது. 1987-ல் லோவாஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பதும் அதே லோவாஸ்டாட்டின் மூலக்கூறுதான், ஆனால் எந்த டப்பாவில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ‘மாத்திரை வேண்டாம், இயற்கையாகக் குறைக்கிறேன்’ என்று அதை வாங்குகிறவர், அளவு தெரியாத மாத்திரையைத்தான் வாங்குகிறார். ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுபவர் என்றால் இரட்டை மருந்து. 2024 மார்ச்சில் ஜப்பானில் ஒரு பெரிய கம்பெனி தன் சிவப்பு அரிசிக் கேப்ஸ்யூல்களைத் திரும்பப் பெற்றது. வேறொரு பூஞ்சை கலந்து, அதன் நஞ்சு பலருடைய சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தது. அதற்குச் சில மாதத்தில், ஜூனில், எண்டோ காலமானார். கோடிக்கணக்கானோரின் இதயத்தைக் காத்தவர் அவர். ஈரம் படிந்த காய் ஒரே வாரத்தில் பூசணம் பூப்பதைப் பார்த்திருக்கும் ஏல விவசாயிக்கு, பூஞ்சை எவ்வளவு கொடுக்கும், எவ்வளவு கெடுக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

‘நல்ல கொழுப்பைக் கூட்டும்’ என்ற வாக்குறுதியும் மீதி இருக்கிறது. நியாசின் என்ற வைட்டமின் எச்.டி.எல்.லை நிஜமாகவே கூட்டும். 25,000-க்கு மேற்பட்டவர்களிடம் பெரிய சோதனை நடத்தினார்கள், 2014-ல் முடிவு வந்தது. எச்.டி.எல். கூடியது, மாரடைப்பு குறையவில்லை. எல்.டி.எல். அப்படியில்லை. அதை 39 மில்லிகிராம் குறைத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. 1,70,000 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் சொன்ன முடிவு இது. ஆகவே நாம் துரத்த வேண்டிய எண் 172 தான்.

சாப்பாட்டால் அதை இறக்க முடியுமா? முடியும், அதற்கும் அளவு இருக்கிறது. டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற பேராசிரியர் 2003-ல் 46 பேரை மூன்றாகப் பிரித்தார். கொழுப்பு குறைந்த சாப்பாடு மட்டும் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 8 சதவீதம் குறைந்தது. அதோடு லோவாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும் சேர்த்தவர்களுக்கு 31 சதவீதம். மூன்றாம் பிரிவுக்கு மாத்திரை இல்லை. வழவழப்பான நார்ச்சத்து, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் சேர்ந்த சாப்பாடு. அவர்களுக்கு 29 சதவீதம். ஜென்கின்ஸின் ஆய்வுக் கட்டுரையை முதலில் படித்தபோது என்னை எழுந்து உட்கார வைத்தது அந்த மூன்றாம் பிரிவின் சாப்பாட்டுப் பட்டியல். வழவழப்பான நாருக்காக ஜென்கின்ஸ் தேர்ந்தெடுத்தவற்றில் ஓட்ஸும் பார்லியும் இஸப்கோலும் இருந்தன. கூடவே வெண்டைக்காயும் கத்திரிக்காயும். கம்பம் சந்தையில் கொட்டிக் கிடக்கும் வெண்டைக்காய்.

அந்த வழவழப்பு என்ன செய்கிறது? கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் செய்து குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் குடல் அதில் 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். வழவழப்பான நார் அதில் கொஞ்சத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எண்டோவின் பூஞ்சை மேலிருந்து செய்ததை வெண்டைக்காய் கீழிருந்து செய்கிறது.

ஆனால் 29 சதவீதத்தை யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த ஒரு மாதம் சாப்பாட்டில் பெரும்பகுதியை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். பிறகு கனடாவின் நான்கு நகரங்களில், ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டில் சமைத்துக்கொள்ள விட்டபோது ஆறு மாதத்தில் குறைந்தது 13, 14 சதவீதம். வீடு என்றால் அப்படித்தான். அதுவும் சின்ன விஷயமில்லை.

சித்தியின் வீட்டுக்கு இதைப் பெயர்த்துப் பார்த்தேன். இஸப்கோல் உமி தினமும் சுமார் 10 கிராம், எல்.டி.எல். ஏறக்குறைய 13 மில்லிகிராம் குறையும். குஜராத்தில் விளையும் சரக்கு, மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும். பெரிய டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அடுத்து பருப்பு, பயறு. கொள்ளு, தட்டாம்பயறு, கொண்டைக்கடலை, எதுவானாலும் வேகவைத்த பிறகு 130 கிராம், தினமும். 26 சோதனைகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, அந்த அளவுக்கு எல்.டி.எல். 5 சதவீதம் குறைவதாகக் கண்டது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளுக்கு மட்டும் தனி மகிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை, எல்லாப் பயறுக்கும் பங்கு உண்டு. கொள்ளு ரசத்தின் தெளிவை மட்டும் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்குப் போடாமல் இருந்தால் சரி.

எண்ணெய் பேச்சு வந்தால் மலைக்கு மேலும் கீழும் சண்டை வரும். மேலே தேங்காய் எண்ணெய், கீழே கடலை எண்ணெயும் ரேஷன் பாமாயிலும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலின் ஏற்பிகளைக் குறைக்கும். 2020-ல் 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களைவிட அது எல்.டி.எல்.லைச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது. கொச்சியில் 200 இதய நோயாளிகளிடம் இரண்டு வருடம் செய்த ஆய்வில் தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று மலையாள நண்பர்கள் உடனே சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த நோயாளிகள் வழக்கமான இதய மருந்துகளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்தின் நிழலில் எண்ணெயின் நிறம் தெரியாமல் போயிருக்கலாம். மீன்கறியில் தாளிக்க ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுவதை யாரிடமிருந்தும் நான் பிடுங்க மாட்டேன். வறுக்கவும் பொரிக்கவும் அதையே ஊற்றுவதுதான் 172-க்கு ஆகாது. பாமாயிலிலும் நாற்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஆனால் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிற வீட்டில் போய் நல்லெண்ணெய் வாங்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. குறைத்து ஊற்று என்றுதான் சொன்னேன்.

டிரைகிளிசரைடு 190-க்குக் காரணம் எண்ணெயைவிட சர்க்கரையும் சோறும்தான். தோட்டத்துக் குளிரில் ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை. கட்டன் சாயாவைச் சர்க்கரை குறைத்துக் குடிக்கப் பழகினால் அந்த எண் இறங்கும். முட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், நாளுக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை செய்யாது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் சித்தியின் 172 எவ்வளவு இறங்கும்? 20, 25 இறங்கினால் பெரிய வெற்றி. அவளுக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அவளைப் போன்றவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். மீதியைக் கடக்க மாத்திரை இல்லாமல் வழியில்லை. சிலருக்கு ஏற்பியே பிறவியிலேயே பழுது. முந்நூறு பேருக்கு ஒருவர் அப்படி இருக்கலாம். அவர்கள் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் எல்.டி.எல். போதுமான அளவு இறங்காது. சொந்தத்தில் நாற்பது, ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போனவர்கள் இருந்தால், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினையும் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து 2023-ல் வெளியிட்ட கணக்கில், மொத்தக் கொலஸ்ட்ரால் 200-ஐத் தொட்டவர்கள் கேரளத்தில் 50.3 சதவீதம். நாட்டிலேயே அதிகம். ஜார்க்கண்டில் 4.6.

சித்திக்கு மாத்திரை என்றாலே பயம். கால் வலி வருமாம், ஒருமுறை தொடங்கினால் விட முடியாதாம். ஸ்டாட்டினால் தசைவலி வருவது உண்டு. ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020-ல் ஒரு சோதனை செய்தது. வலி தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் இருந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் இருந்தது. வலி பொய்யில்லை, அவர்கள் பட்டது நிஜம். ஆனால் அதில் பெரும்பகுதிக்குக் காரணம் மாத்திரைக்குள் இல்லை. இதைச் சொன்னபோது சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மாத்திரையோடு கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கம்பத்தில் இருந்துகொண்டு திராட்சையையே விட்டிருந்தாள். அது வேறு பழம், எலுமிச்சைக் குடும்பம், பன்னீர் திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றதும் முகம் மலர்ந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார்கள். இலவசம்தான். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்போது அந்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

போன வாரம் போனில் பேசினாள். மத்தியானம் காய் எடை போடும் நேரத்தில், தூக்குச்சட்டி மூடியில் இருந்த வெந்த கொண்டைக்கடலையைத் தராசில் வைத்தாளாம். மூடியின் எடை போக 90 கிராம். “நீ நூத்தி முப்பதுன்ன. இன்னும் ஒரு கை அள்ளணும்ப்பா” என்றாள். பின்னால் யாரோ தன் சட்டியையும் தராசில் வைக்கும் சத்தம் கேட்டது.